சிவகாசியில் எத்தனை எழுத்து?

ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்துவிட்டால் சிவகாசியில் எங்கள் அச்சகத்தில் டிசம்பர் கடைசி வரை யாருக்கும் தலைநிமிர நேரமிருக்காது. தினக்காலண்டர் என்றால் 365 தாள். ஒவ்வொரு தாளிலும் திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், கீழே ஒரு பொன்மொழி. இருபது வருடமாக இதைத்தான் கம்ப்யூட்டரில் கோத்துக்கொண்டிருக்கிறேன். பொங்கல் தாண்டினால் கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை என்று வேலை இளைத்துவிடும். இந்த வருடம் அந்த இளைத்த மாதங்களில் ஒரு கேம் செய்தேன்.

ஆரம்பித்து வைத்தவன் அக்கா மகன். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். பொங்கல் லீவுக்கு வந்தவன் போனில் ஒரு விளையாட்டைக் காட்டினான். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு ஊர், தீப்பெட்டி அளவில் வீடுகள். ஒரு பையன் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேச்சுக் கொடுக்கிறான். அவர்கள் ஏதாவது வேலை சொல்கிறார்கள், இவன் போய் முடித்துவிட்டு வருகிறான். கதை இப்படியே நகர்கிறது.

“மாமா, நம்ம ஊரை இப்படி வைக்கலாமா? ரத வீதி, பஸ் ஸ்டாண்டு, உங்க பிரஸ்ஸு எல்லாம்?”

“வச்சு?”

“வச்சு... எல்லாரும் தமிழ்ல பேசணும்.”

அவனுக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. எதையும் இன்ஸ்டால் செய்யச் சொல்லக் கூடாது, அவன் போனிலும் கூட்டாளிகள் போனிலும் இடமில்லை. லிங்க் அனுப்பினால் பிரவுசரில் திறக்க வேண்டும். காசும் செலவாகக் கூடாது. மூன்றாவதை நானே சேர்த்துக்கொண்டேன்.

எனக்கு நிரல் எழுதத் தெரியுமா என்றால் அரைகுறை. 365 தாளையும் கையால் நிரப்பினால் கண் போய்விடும் என்பதால், எக்செல் பட்டியலிலிருந்து எடுத்து, பக்கம் கோக்கும் மென்பொருளான இன்டிசைனில் அந்தந்த இடத்தில் உட்காரவைக்கும் குட்டி ஸ்கிரிப்டுகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதப் பழகியிருந்தேன். அந்தத் தைரியத்தில் தேட ஆரம்பித்தேன்.

இந்த வகை விளையாட்டுகளைச் செய்வதற்கென்றே ஆர்பிஜி மேக்கர் என்று ஜப்பானில் பிறந்த மென்பொருள் ஒன்று உண்டு. 2015இல் வந்த அதன் எம்வி பதிப்பு உள்ளுக்குள் ஜாவாஸ்கிரிப்டில்தான் ஓடுகிறது. நல்ல சாமான், ஆனால் விலைக்கு வாங்க வேண்டும். அதே மாதிரி வேலையைத் திறந்த மூலநிரலாகச் செய்கிற ஒன்றைத் தேடியபோது சிக்கியதுதான் ஆர்பிஜி ஜேஎஸ். சாமுவேல் ரோன்ஸ் என்பவர் தொடங்கி வளர்த்தது. நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் கிட்ஹப் தளத்தில் முழு நிரலும் இருக்கிறது, எம்ஐடி உரிமம். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கூடக் கொள், உரிமக் குறிப்பை மட்டும் கூடவே வைத்திரு என்கிற வகை. ஜாவாஸ்கிரிப்டின் கண்டிப்பான வடிவமான டைப்ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் இரண்டு நாள் திட்டு வாங்கியபின் பழகிவிடும்.

இதில் எனக்கு முதலில் பிடித்த விஷயம், எல்லாவற்றையும் தானே செய்ய அது ஆசைப்படவில்லை. ஊரின் வரைபடத்தை டைல்டு என்ற தனி மென்பொருளில் வரையச் சொல்கிறது. திரையில் படம் காட்டுவதை பிக்ஸிஜேஎஸ் பார்த்துக்கொள்கிறது. வசனப் பெட்டி, மெனு போன்றவை வியூ என்ற வலைப்பக்கக் கட்டமைப்பில் வருகின்றன. நடுவில் நின்று ஆட்களை நடக்கவிடுவதும் பேசவைப்பதும் சுவரில் முட்டினால் நிறுத்துவதும்தான் ஆர்பிஜி ஜேஎஸ்ஸின் வேலை. ஒரு ஆளின் முன்னால் போய்ப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்று எழுத ‘ஆன்ஆக்‌ஷன்’ என்று ஒரு இடம் இருக்கிறது. அதற்குள் ‘ஷோடெக்ஸ்ட்’ போட்டு வசனத்தைக் கொடுத்தால் பேசுவார். ‘ஷோசாய்ஸஸ்’ என்றால் கேள்வி கேட்டுவிட்டு நம் பதிலுக்காகக் காத்திருப்பார்.

ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு டீக்கடைக்காரர் முதன்முதலாக “என்ன தம்பி, டீயா?” என்று கேட்டார். அந்நேரத்துக்கு அக்கா வீட்டுக்கு வீடியோ கால் போட்டு அத்தானிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கதை எளிமையானது. ஊருக்கே பொதுவான ஒரு தினக்காலண்டர் பஸ் ஸ்டாண்டில் தொங்குகிறது. வெள்ளிக்கிழமைத் தாளை யாரோ கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த தாள் இல்லாததால் ஊர் வியாழக்கிழமையிலேயே நின்றுவிட்டது. சாயங்காலம் ஆறு மணி ஆனதும் மறுபடி வியாழக்கிழமை காலை ஆறு மணி. அச்சகத்துக்கு புரூஃப் கொண்டுபோகிற பையன் மாரி, அந்தத் தாளைத் தேடி ஒட்டினால்தான் வெள்ளி விடியும். ஒரு மணி நேரத்தை ஒரு நிமிடமாக வைத்தேன். ஆக ஒரு பகல் பன்னிரண்டு நிமிடம்.

வியாழக்கிழமை ராகு காலம் ஒன்றரையிலிருந்து மூன்று மணி வரை. விளையாட்டில் ஒன்றரை நிமிடம். அந்த ஒன்றரை நிமிடமும் பேப்பர் கடை முதலாளி எந்தச் சாமானையும் கையால் தொட மாட்டார், கிட்டங்கிச் சாவியை, அதாவது சரக்கு அறைச் சாவியைத் தரமாட்டார். பையன்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. “சும்மா நிக்கச் சொல்றீங்க மாமா!” என்றான் மருமகன். அதற்காகவே டீக்கடைக்காரருக்கு ஒரு நீளமான கதை எழுதி, ராகு காலத்தில் மட்டும் சொல்லவைத்தேன். அதில்தான் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது. இப்போது ராகு காலம் எப்போது வரும் என்று காத்திருக்கிறார்கள்.

டைல்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு வாரம் இழந்தேன். தோர்பியோர்ன் லிண்டைர் என்பவர் செய்த இலவச வரைபடக் கருவி இது. சின்னச் சதுரப் படங்களை ஒரே பெரிய படத்தில் வரிசையாக அடுக்கிக் கொடுத்தால், அதிலிருந்து எடுத்து எடுத்துத் தரையில் பதிக்கலாம். நம் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் ஒட்டுகிற மாதிரிதான். ஆனால் வரைபடக் கோப்பில் படம் சேமிக்கப்படுவதில்லை, படத்தின் எண்தான் சேமிக்கப்படுகிறது. இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். எனக்குப் பட்டாசுக் கடை, தீப்பெட்டி ஆபீஸ் எல்லாம் சேர்க்க வேண்டியிருந்ததால் பெரிய படத்தை வலப்பக்கமாக நாலு கட்டம் அகலப்படுத்தினேன். மறுநாள் கீழ ரத வீதி வரைபடத்தைத் திறந்தால் கோயில் கோபுரத்தில் கிணறு, கிணற்றில் பாதி பஸ், சாலை முழுக்கத் தென்னை மரம். முதல் வரிசைக்கு அப்புறம் எல்லா எண்ணும் நகர்ந்துவிட்டது. படத்தைக் கீழ்நோக்கி மட்டுமே நீட்ட வேண்டும், பக்கவாட்டில் ஒருநாளும் நீட்டக் கூடாது. அனுபவசாலிகளுக்கு இது அரிச்சுவடி. எனக்கு ஒரு வாரம்.

படங்களை எங்கே எடுப்பது என்பது அடுத்த கேள்வி. நிரல் திறந்தது என்பதால் இணையத்தில் கிடைக்கிற படமெல்லாம் திறந்தது ஆகிவிடாது. ஆர்பிஜி மேக்கரோடு வரும் படங்கள் அந்த மென்பொருளில் செய்த விளையாட்டுகளுக்கு மட்டுமே. நான் ஓப்பன்கேம்ஆர்ட் தளத்தில் லிபரேட்டட் பிக்ஸல் கப் படங்களை எடுத்தேன். 2012இல் ஒரு போட்டி வைத்து, ஒரே பாணியில் பொருந்துகிற மாதிரி பலரும் வரைந்து பொதுவுக்கு விட்டவை. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். வரைந்தவர் பெயரைப் போட வேண்டும், நாம் மாற்றி வரைந்தாலும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். எல்லாரும் ஐரோப்பியக் கோட்டை ஊர்க்காரர்கள் மாதிரி இருந்தார்கள். கால்சட்டையை வேட்டியாக்கினேன். தலைக்கவசத்தை அழித்துத் துண்டு கட்டினேன். நான்கு திசைக்கும் நடக்கிற படம் ஒவ்வொன்றாக மாற்றவேண்டும் என்பதால் வேட்டி கட்டியவர்கள் மூன்று பேருக்குமேல் ஊரில் இல்லை. பெயர் போடுவது எங்களுக்குப் புதிதல்ல. தேர்தல் நோட்டீஸ் அடித்தால் அடியில் அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும் அல்லவா? அதே மாதிரி விளையாட்டின் கடைசித் திரையில் சின்ன எழுத்தில் அத்தனை பெயரும் இருக்கிறது.

அந்தக் கிட்டங்கியால் ஒரு சண்டையும் வந்தது, அதைச் சொல்கிறேன். ஆர்பிஜி ஜேஎஸ்ஸில் ஒரே நிரலை இரண்டு விதமாக ஓட்டலாம். தனி ஆள் விளையாட்டாக ஓட்டினால் எல்லாமே பிரவுசருக்குள் முடிந்துவிடும், சும்மா ஒரு வலைப்பக்கமாக எங்கேயாவது ஏற்றி வைத்தால் போதும். பலபேர் சேர்ந்து ஆடுவதாக ஓட்டினால் ஜாவாஸ்கிரிப்டைப் பிரவுசருக்கு வெளியே ஓட்டுகிற நோட்ஜேஎஸ் போட்ட ஒரு சர்வர் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் லேப்டாப்பையே சர்வராக்கி, வீட்டு வைஃபையில் மருமகனும் மூன்று கூட்டாளிகளும் போனோடு உட்கார்ந்தார்கள். ஒரே ஊரில் நாலு மாரி ஓடுவதைப் பார்க்க எனக்கே குஷியாக இருந்தது. பத்து நிமிடத்தில் சண்டை. ஒருவன் கிட்டங்கியில் பெட்டியைத் திறந்து வெள்ளிக்கிழமைத் தாளை எடுத்துவிட்டான். மற்ற மூன்று பேருக்கும் பெட்டி காலி.

தப்பு என்னுடையதுதான். ‘எடுத்தாயிற்று’ என்ற குறிப்பை ஆளின் கணக்கில் எழுதாமல் பெட்டியின் கணக்கில் எழுதியிருந்தேன். வரைபடத்தில் இருக்கிற ஒரு பொருளோ ஆளோ எல்லாருக்கும் பொதுவா, அல்லது ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனித்தனியா என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட ஒரு வழி இருக்கிறது. பொது என்றால் ‘ஷேர்டு’, தனி என்றால் ‘சினேரியோ’. டீக்கடைக்காரர் பொது, பெட்டி தனி என்று மாற்றினேன். ஒரே பெட்டி இருக்கிற இடத்தில் நாலு பெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கிறது, அவரவர் பெட்டி அவரவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். இதைப் பையன்களிடம் விளக்கியபோது ஒருவன், “ரேஷன் கார்டு மாதிரி” என்றான். என் விளக்கத்தைவிட அது நன்றாக இருந்தது.

இதெல்லாம் யாருக்கும் வருகிற தலைவலிதான். தமிழால் வந்த தலைவலியைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே எழுத உட்கார்ந்தேன்.

கூடவே வருகிற வசனப் பெட்டி நன்றாகவே இருக்கிறது. எனக்குத்தான் அது தினக்காலண்டர் தாள் மாதிரி, சிவப்புப் பட்டையோடு இருக்க வேண்டும் என்று ஆசை. அதே பெயரில் நாம் ஒரு வியூ கோப்பு எழுதி வைத்தால் பழைய பெட்டிக்குப் பதில் நம்முடையது வரும். வியூ என்றால் கடைசியில் வலைப்பக்க எழுத்துதான். அதனால் தமிழை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும் வேலையைப் பிரவுசரே செய்துவிடும். அதில் குறையில்லை. பேசுகிறபோது டைப் அடிக்கிற மாதிரி எழுத்து ஒவ்வொன்றாக வர வேண்டும் என்று நான் சேர்த்த அலங்காரத்தில்தான் மாட்டிக்கொண்டேன். 40 மில்லிநொடிக்கு ஒரு எழுத்து என்று வைத்தேன்.

டீக்கடைக்காரர் “போய்ட்டு வா” என்றார். முதலில் ‘ப’ வந்தது. அடுத்த நொடித்துளியில் அதற்கு முன்னால் இரட்டைக்கொம்பு குதித்து, பின்னால் துணைக்கால் முளைத்து, நடுவில் இருந்த ப வலப்பக்கம் நகர்ந்து ‘போ’ ஆனது. அப்புறம் ‘ய’, அதன் தலையில் திடீரென்று புள்ளி. முழு வரியும் வெடவெடத்துக்கொண்டே வந்தது. “என்ன மாமா, டீக்கடைக்காரருக்குக் குளிர் காய்ச்சலா?” என்று கேட்டான் மருமகன்.

அதோடு விட்டேனா? பஸ் ஸ்டாண்டு முகப்பில் ஊர்ப்பெயர் எழுத்து எழுத்தாக மேலும் கீழும் ஆட வேண்டும் என்று இன்னொரு ஆசை. ‘சிவகாசி’ என்ற சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக வைத்தேன். நான்கு எழுத்துக்கு ஏழு துண்டு வந்து நின்றது. ச தனி, அதன் கொக்கி தனி, வ, க, துணைக்கால் தனி, மறுபடி ச, மறுபடி கொக்கி. தாங்கிக்கொள்ள எழுத்து இல்லாத கொக்கியும் காலும் ஆளுக்கொரு புள்ளி வட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஆடின.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. பாமினி மாதிரியான பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்களுக்கு ‘கொ’ என்றால் மூன்று தட்டு: முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். கையால் எழுதுகிற வரிசை. இன்றைய பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் அப்படி இல்லை, வாயால் சொல்கிற வரிசை. முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது காட்டுகிறவர் வேலை. அந்த ஒகரக் குறியைக்கூட ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நிரலுக்கு இரண்டும் வேறு. என்எஃப்சி என்ற ஒரு முறையில் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே மாதிரி ஆக்கிக்கொள்வது நல்லது.

இதைவிடத் தந்திரமானது ஔகாரம். ‘கௌரி’ என்பதைப் பழைய கோப்புகளிலிருந்து மாற்றி எடுக்கும்போது பல நேரம் ‘கெ’ போட்டு பக்கத்தில் ‘ள’ போட்டதாக வந்துவிடும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. விளையாட்டில் டீச்சர் பெயர் கௌரி. பையன்கள் போனில் சரியாகத் தட்டி “கௌரி டீச்சர்” என்று விடை எழுதினால் “தப்பு” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு சாயங்காலம் முழுக்க அந்த ள-வைத் தேடினேன். வைத்தது நானே.

நடுக்கத்துக்கு மருந்து பிரவுசருக்குள்ளேயே இருந்தது. ‘இன்ட்ல் செக்மென்ட்டர்’ என்று ஒரு வசதி. ஒரு வரியைக் கொடுத்தால் குறியீடு குறியீடாகப் பிரிக்காமல், மனிதர் ஓர் எழுத்து என்று நினைக்கிற அளவில் பிரித்துக் கொடுக்கும். குரோமில் 2020இலேயே வந்துவிட்டது, சஃபாரியில் 2021, ஃபயர்ஃபாக்ஸில் 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பில்தான் வந்தது. நான் எழுதியிருந்த நிரலில் ஒரு வரியை மாற்றினேன். டீக்கடைக்காரருக்குக் காய்ச்சல் இறங்கியது. சிவகாசிக்கும் நான்கே எழுத்து.

முழுசாகக் குணமாகவில்லை. க்ஷ என்பதை அது க் ஒன்று, ஷ ஒன்று என்று பிரித்துவிடுகிறது. ஸ்ரீயும் அப்படியே ஸ் தனி, ரீ தனி. வரிக்குள் வரும்போது இது தெரியாது, பக்கத்தில் பக்கத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். ஆடுகிற பலகையில் ‘ஸ்ரீ’ போட்டால் பிரிந்து ஆடும். எங்கள் ஊரில் கடைப் பெயர்ப் பலகையை ஸ்ரீ இல்லாமல் வரைவது எப்படி? இந்த இரண்டுக்கும் மட்டும் ‘பிரித்திருந்தால் ஒட்டு’ என்று கையால் எழுதினேன். லக்ஷ்மி என்ற பாத்திரத்தை அவசரத்துக்கு லட்சுமி ஆக்கியதை ஒப்புக்கொள்கிறேன். திரும்ப மாற்றவில்லை. அந்த அம்மாளுக்கு அந்தப் பெயரே பொருந்துகிறது.

இவ்வளவும் முடிந்தபின் மருமகன் போனைத் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: “எழுத்து மட்டும் ஒட்டல மாமா.” சரியாகத்தான் சொன்னான். ஊர், மரம், மனிதர் எல்லாம் கட்டம் கட்டமாக இருக்க, வசனம் மட்டும் கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று இருந்தது. ஆங்கில விளையாட்டுகளில் எழுத்தும் கட்டம் கட்டமாகவே இருக்கும். அவர்களுக்கு அது சுலபம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், குறி எல்லாம் சேர்த்து 94 படம் வரைந்து ஒரே தாளில் அடுக்கினால் முடிந்தது. இடமிருந்து வலமாக எடுத்து வைத்துக்கொண்டே போகலாம்.

நமக்கு 247. அதோடு கிரந்தம். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கட்டத்தில் வரைவதாக இருந்தால் அடுத்த ஆடிப்பெருக்கு வந்துவிடும். ஒரு மத்தியானம், சாப்பிட்டபின் வருகிற அந்த மந்தத்தில், பாமினி விரல்கள் நினைவுக்கு வந்தன. பழைய எழுத்துருக்காரர்கள் 247ஐயா வரைந்தார்கள்? கொம்பையும் காலையும் தனியாக வைத்துக்கொண்டார்கள். ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். உயிர் 12, ஆய்தம் 1. அகர வரிசை 18. புள்ளி வைத்த மெய் 18. இகரம் 18, ஈகாரம் 18, உகரம் 18, ஊகாரம் 18; இந்த நான்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்வதால் தனித்தனியாக வரைந்தே ஆக வேண்டும். மற்றபடி துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, சங்கிலிக்கொம்பு என்று நாலே நாலு. ஔகாரத்துக்கு இருக்கிற ள-வே போதும். கூட்டினால் 125. ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஐந்துக்கும் ஆறாறு வடிவம் என்றால் 30, ஸ்ரீ 1. மொத்தம் 156.

பதினாறு கட்டம் அகலம், பத்து வரிசை என்று தாள் போட்டால் 160 கட்டம். நாலு மிச்சம். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் வேறொரு தாளில் வைத்துக்கொண்டேன்.

பிரவுசர் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது நான் செய்ய வேண்டும். செக்மென்ட்டர் கொடுக்கிற ஒவ்வொரு எழுத்தையும் வாங்கி, ‘கொ’ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று கட்டத்தின் எண்ணாக மாற்றி வரிசையாக வைக்கிற சின்ன நிரல். என் விரல்கள் பல வருடம் தினமும் செய்ததை அப்படியே எழுதினேன், அவ்வளவுதான். எழுத்துருக் கோப்பாகவே செய்திருந்தால் இந்தச் சுற்று தேவைப்பட்டிருக்காது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான். அதைக் கற்றுக்கொள்ளச் சோம்பல், இதைச் செய்யக் கை அரித்தது.

வரைவதுதான் பாடு. 16க்கு 16 கட்டத்தில் மேலே இகரக் கொக்கிக்கும் புள்ளிக்கும் இடம் விட்டு, கீழே உகர வாலுக்கு இடம் விட்டால், நடு உடம்புக்கு எட்டு ஒன்பது வரிசைதான் மிஞ்சும். ‘ப’, ‘ட’ எல்லாம் ஒரு நிமிடம். ‘ஞ’ ஒரு மணி நேரம். ‘ணூ’ அகலத்தில் அடங்கவே இல்லை. மூன்று சுழியில் ஒன்றை இரண்டு புள்ளியாகச் சுருக்கி, சுழி மாதிரி தெரியும் என்று நம்பிவிட்டேன். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்று வைத்தபோது ‘ர’வுக்கு இருபுறமும் வெற்றிடம், ‘ண’வுக்கு மூச்சு முட்டல். அதனால் ஒவ்வொரு எழுத்தின் அகலத்தையும் தனிப் பட்டியலாக எழுதினேன்.

எங்கள் அச்சகத்துக்குச் சாயங்காலம் டீ குடிக்க வருகிற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டியவர், ஈய எழுத்துக் காலத்தில் எழுத்துக் கோத்த கம்பாசிட்டர். கணினியில் நடப்பதை அவர் அதிகம் பொருட்படுத்துவதில்லை. அன்றைக்கு என் திரையில் கட்டம் கட்டமாக எழுத்துகள் அடுக்கியிருப்பதைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“இது கேஸுல்லா?” என்றார்.

எழுத்து அறைகள் வைத்த மரத்தட்டைத்தான் கேஸ் என்பார்கள். ஆமாம் அண்ணாச்சி, கேஸ்தான் என்றேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டு ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

“துதிக்கை லை எங்க?”

1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. ணை, லை, ளை, னை நான்கும் அதற்கு முன் துதிக்கை வைத்துக்கொண்டிருந்தவை. ணா, றா, னாவும் ஒட்டி எழுதுகிற வேறு வடிவம். அவற்றின் முன்னால் கொம்பு போட்டு வருகிற ஒகர ஓகாரங்கள் மீதி ஆறு. அது போய்விட்டதே அண்ணாச்சி என்றேன். “தெரியும், நான்தான அந்த அச்சை எல்லாம் உருக்குறதுக்கு எடைபோட்டுக் கொடுத்தேன்” என்றார். அவர் போனபின் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பழைய வடிவங்கள் இருந்திருந்தால் இன்னும் ஏழு கட்டம். 163. என் தாளில் இடம் போதாது.

மறுநாளும் வந்தார். கடைசி வரிசையில் காலியாக இருந்த நாலு கட்டத்தைச் சுட்டிக்காட்டி, ஏன் விட்டிருக்கிறாய் என்று கேட்டார். போட ஒன்றும் இல்லை என்றேன்.

“காலண்டர் கேம்ங்கற. நாள் எங்க, மாசம் எங்க, வருசம் எங்க?”

என் மேஜையில் கிடந்த ஒரு கழிவுத் தாளைத் திருப்பி, பால்பாயின்ட் பேனாவால் ௳, ௴, ௵ மூன்றையும் வரைந்தார். பழைய கணக்குப் புத்தகங்களில் நாள், மாதம், வருடம் என்று எழுதுவதற்குப் பதில் போடுகிற குறிகள். இருபது வருடம் காலண்டர் அடித்தும் நான் இவற்றை ஒரு தாளிலும் வைத்ததில்லை. நாலாவது கட்டத்துக்கு ரூபாய்க் குறி ௹ என்று அவரே முடிவுசெய்துவிட்டார்.

நாளும் மாதமும் வரைந்தாயிற்று. ரூபாய் சுமாராக வந்திருக்கிறது. வருடம்தான் எத்தனை தடவை வரைந்தாலும் பதினாறு கட்டத்துக்குள் நண்டு மாதிரி வருகிறது. அண்ணாச்சி தினமும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். ஆடிப்பெருக்குக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது.